படித்துக் காட்டும் போன்

விநாயகர் சதுர்த்திக்கு வந்திருக்க வேண்டிய போன் அது. 2021 செப்டம்பர் 10 என்று நாள் குறித்திருந்தார்கள். முதல் நாள் இரவு, உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு என்று காரணம் சொல்லித் தீபாவளிக்குத் தள்ளிவைத்தார்கள். விக்னம் தீர்க்கும் கடவுளுக்கே விக்னம். கடைசியில் நவம்பர் 4, தீபாவளியன்று, ஜியோபோன் நெக்ஸ்ட் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் 24 அன்று ரிலையன்ஸ் பங்குதாரர் கூட்டத்தில் முகேஷ் அம்பானி அதை அறிவித்தபோது சொன்ன கணக்கு இன்னமும் நினைவுகூரத்தக்கது. நாட்டில் சுமார் 30 கோடிப் பேர் இன்னும் பழைய 2ஜி கைபேசிகளிலிருந்து தப்ப முடியாமல் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது என்றார். கூட நின்றது கூகுள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில்தான் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 7.7 சதவீதப் பங்குக்காக ரூ.33,737 கோடி முதலீட்டை அறிவித்திருந்தது கூகுள். இவ்வளவு பெரிய தொகைகளுக்கு மத்தியில் பிறந்த குழந்தையின் விலை ரூ.6,499.

கையில் எடுத்தவுடன் முதலில் தோன்றுவது, இது புதிய போன் அல்ல என்பதுதான். திரை 5.45 அங்குலம். அதன் மேலும் கீழும் அகலமான கறுப்புப் பட்டைகள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மற்ற நிறுவனங்கள் கைவிட்ட தோற்றம் இது. பின்புறம் பிளாஸ்டிக். நடுவில் ஜியோ முத்திரை. மேலே மாத்திரை வடிவில் ஒரு சின்ன மேடு, அதற்குள் ஒரே ஒரு கேமரா. கடையில் வரிசையாக அடுக்கிவைத்த போன்களில் வாடிக்கையாளரின் கண் முதலில் இதன் மேல் விழாது. 2020 செப்டம்பரில் ரூ.6,799-க்கு வந்த ரெட்மி 9ஏ போனில் திரை 6.53 அங்குலம், பாட்டரி 5,000 எம்ஏஎச். ஜியோவின் பாட்டரி 3,500 எம்ஏஎச்.

ஆனால் பின்மூடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் அது கழன்று வருகிறது. உள்ளே பாட்டரியையும் தனியே எடுக்கலாம். விலை உயர்ந்த போன்கள் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டி, உடலை மூடி முத்திரையிட்டுவிட்ட காலத்தில் இது பின்தங்கிய வடிவமைப்பாகப் பேசப்பட்டது. உண்மையில் இந்தப் போனில் யாரோ உட்கார்ந்து யோசித்ததற்கான அடையாளம் அங்கேதான் இருக்கிறது. பாட்டரி ஓரிரண்டு ஆண்டுகளில் தளர்ந்துபோகும் பொருள். இந்தப் போனுக்கான தவணையோ 24 மாதம் வரை ஓடக்கூடியது. கடன் முடியும் முன்பே பாட்டரி படுத்துவிட்டால், சர்வீஸ் சென்டர் இருக்கும் நகரத்துக்குப் பஸ் ஏறாமல், பாட்டரியை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

சார்ஜர் துளையும் அப்படித்தான். பழைய மைக்ரோ யுஎஸ்பி. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் ஜியோவின் பழைய பொத்தான் போனைப் பயன்படுத்திய வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருப்பது அந்த சார்ஜர்தான். ஹெட்போன் செருகும் வட்டத் துளையும் உண்டு. திரைக்குக் கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் 3. கைரேகை பார்க்கும் வசதி இல்லை. ரேஷன் கடைக் கருவிகளில் ரேகை தேய்ந்த விரல்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது.

வேகத்தில்தான் கஞ்சத்தனம் தெரிகிறது. உள்ளே இருப்பது குவால்காமின் கியூஎம்-215 சிப். 2019-ல் வந்த ஸ்னாப்டிராகன் 215-இன் வகை, 28 நானோமீட்டர் என்ற பழைய தயாரிப்பு முறையில் செய்யப்பட்டது. ராம் 2 ஜிபி. யூட்யூபில் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்ஆப்பில் டீச்சர் அனுப்பிய வீட்டுப்பாடத்தைத் திறந்து, மறுபடி யூட்யூபுக்கு வந்தால், அது புதிதாகத் தொடங்கும். இடம் போதாமல் ஒரு செயலி மற்றொன்றை வெளியே தள்ளிவிடும். 32 ஜிபி சேமிப்பில் ஒரு பகுதியைப் போனே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை 'குட்மார்னிங்' ரோஜாக்கள் எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக மெமரி கார்டு போட இடம் விட்டிருக்கிறார்கள். கேமராக்கள் பின்னால் 13 மெகாபிக்சல், முன்னால் 8. பகல் வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் எந்த மலிவு போனுக்கும் சொல்லக்கூடியது. ஜியோபோன் நெக்ஸ்ட்டைத் தனித்துக் காட்டியது வேறு. ஆண்ட்ராய்டின் மேல் கூகுளும் ஜியோவும் சேர்ந்து போர்த்திய 'பிரகதி' என்ற மேலாடையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, திரையில் எது இருந்தாலும் அதை உரக்கப் படித்துக் காட்டும். மற்றொன்று, திரையில் இருப்பதை வேறு மொழிக்கு மாற்றித் தரும். தமிழ் உட்பட முக்கியமான பத்து இந்திய மொழிகளில்.

ஆங்கிலம் தெரிந்தவருக்கு இது விளையாட்டுச் சாமான். தெரியாதவருக்கு என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் போன் அறிவிக்கப்பட்ட மாதத்தை நினைத்துப் பார்த்தால் போதும். கொரோனாவின் இரண்டாம் அலை அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. 2021 மே 1 முதல் 18-லிருந்து 44 வயது வரையிலானவர்களுக்குத் தடுப்பூசி என்று அறிவித்தபோது, கோவின் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் ஊசி என்றது மத்திய அரசு. இணையதளம் ஆங்கிலத்தில். ஸ்மார்ட்போனும் ஆங்கிலமும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஜூன் தொடக்கத்தில் இந்தியும் வேறு சில மொழிகளும் சேர்க்கப்பட்டபோது பட்டியலில் தமிழ் இல்லை. சர்ச்சை கிளம்பிய பிறகுதான் சேர்ந்தது. உயிர் காக்கும் ஊசிக்கு வரிசையில் நிற்பதற்கே மொழி தடையாக நின்ற அதே ஜூனில், எந்தத் திரையையும் தமிழில் மாற்றிப் படித்துக் காட்டுகிறேன் என்று ஒரு போன் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வாக்கு எவ்வளவு தூரம் நிறைவேறும் என்பது மொழிபெயர்ப்பைப் பொறுத்தது. கூகுள் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியது 2011-ல். அந்தக் காலத்துத் தமிழ் பெரும்பாலும் நகைச்சுவைப் பகுதிக்கே பயன்பட்டது. 2017 ஏப்ரலில் ஒன்பது இந்திய மொழிகளுக்குப் புதிய முறை வந்தது. சொல் சொல்லாக, துண்டு துண்டாகப் பெயர்த்து ஒட்டாமல் முழு வாக்கியத்தையும் பார்த்து மாற்றும் முறை. அதன் பிறகு எழுவாயும் பயனிலையும் ஓரளவு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. நீளமான செய்திக் கட்டுரையைக் கொடுத்தால் சாரம் புரியும்படி தருகிறது.

சிக்கல் குறுஞ்செய்தியில்தான். ஆங்கிலத்தில் 'இன்ட்ரஸ்ட்' என்றால் வட்டியும்தான், ஆர்வமும்தான். 'சார்ஜ்' என்பது வங்கியில் கட்டணம், போனில் மின்சாரம், போலீஸ் ஸ்டேஷனில் குற்றச்சாட்டு. முன்னும் பின்னும் நாலு வரி இருந்தால் எந்திரம் சுதாரித்துக்கொள்ளும். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் வாக்கியமே இல்லை. பாதிச் சொற்கள் சுருக்கெழுத்து, மீதி எண்கள். 'டெபிட்', 'கிரெடிட்' என்ற இரண்டு சொற்களில் எது பணம் போனது, எது வந்தது என்பதில் தவறு நேர்ந்தால் கவிதையில் தவறு நேர்வது போல அல்ல. நூறு நாள் வேலைக் கூலி வந்ததா இல்லையா என்று பார்க்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் முழுச் செய்தி.

படித்துக் காட்டுவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தமிழன் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் போன் படிப்பது எழுத்துத் தமிழை. இது பெரிய தடையாக இராது என்றே சொல்லலாம். ரேடியோச் செய்தி பல பத்தாண்டுகளாக அந்தத் தமிழைப் படிக்காத காதுகளுக்கும் பழக்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் 'தெரிவித்தார்', 'வலியுறுத்தினார்' புரியும். புரியாதது போனின் சொந்தத் தமிழ். 'விமானப் பயன்முறை' என்று ஆண்ட்ராய்டில் ஒரு வசதி இருக்கிறது. விமானத்தையும் அறியாத, பயன்முறையையும் அறியாத ஒருவர் அதைத் தவறுதலாகத் தொட்டுவிட்டு, போன் செத்துவிட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார். சொற்களை உருவாக்கியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இலக்கணப்படி அவை சரியான சொற்களே. டீக்கடையில் அவற்றை யாராவது உச்சரித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

டீக்கடை என்றதும் இன்னொன்று. உரக்கப் படிக்கும் போன் எல்லாவற்றையும் உரக்கப் படிக்கும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும், டாக்டர் அனுப்பும் சோதனை முடிவையும். படிக்கத் தெரிந்தவர் பஸ்ஸில் நின்றபடி கமுக்கமாகப் பார்த்து வைத்துக்கொள்கிற விஷயத்தைப் படிக்கத் தெரியாதவர் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது. கடிதத்தைப் போஸ்ட்மேனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்ன காலத்திலும் இதே நிலைதான். போஸ்ட்மேன் குறைந்தபட்சம் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவர்.

ஏழைக்குப் பேசும் எந்திரம் என்ற யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஞ்ஞானிகளும் ஒரு மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துச் சொல்லும் என்பதே அதன் பெருமை. ஒரு கிராமமே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும் என்று நினைத்தார்கள். 2004-ல் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலையே ஏறக்குறைய ரூ.10,000. அன்றைய ரூ.10,000. யாரும் சீந்தவில்லை. 2011 அக்டோபரில் அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். அரசு வாங்கிய விலை ரூ.2,276. தொட்டால் அசையாத திரைக்காக அது நினைவில் நிற்கிறது. 2016-ல் நொய்டா நிறுவனம் ஒன்று ரூ.251-க்கு ஸ்மார்ட்போன் என்றது. முன்பதிவுக் கூட்டத்தில் இணையதளம் படுத்துவிட்டது. பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் போனைப் பார்க்கவே இல்லை. இந்த வம்சாவளியில் வைத்துப் பார்த்தால் ஜியோபோன் நெக்ஸ்ட் கௌரவமான பிள்ளை. சொன்னபடி வந்தது, சொன்னபடி பேசியது. தயாரானதும் இங்கேதான், திருப்பதியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள நியோலிங்க் ஆலைகளில்.

விலைதான் சொன்னபடி இல்லை என்று பலருக்கும் ஏமாற்றம். உண்மையில் ஜியோ விலையை முன்கூட்டிச் சொல்லவே இல்லை. உலகிலேயே மிக மலிவான ஸ்மார்ட்போன் என்றுதான் சொல்லியிருந்தது. அதைக் கேட்டுப் பத்திரிகைகள் ரூ.3,500 என்று தாங்களாகவே ஒரு விலை போட்டு எழுதிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு ரூ.6,499 என்று அறிவிப்பு வந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் ரூ.1,999 கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், மீதி தவணையில் என்றார்கள்.

அந்தத் தவணைக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. முன்பணம் ரூ.1,999. அதோடு செயலாக்கக் கட்டணம் என்று ரூ.501. ஆக, கடையை விட்டு வெளியே வரும்போதே ரூ.2,500 போயிருக்கும். மிகக் குறைந்த திட்டத்தில் மாதம் ரூ.300 வீதம் 24 மாதம், அதாவது ரூ.7,200. மொத்தம் ரூ.9,700. ரொக்க விலையைவிட ரூ.3,201 அதிகம். கந்துவட்டி என்று சொல்லிவிடலாமா? நியாயமாகப் பார்த்தால் முடியாது. அதற்குள் மாதம் 5 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம். மாதத்துக்கு ரூ.133 சொச்சம் அதற்கு. தினமும் 2.5 ஜிபி வேண்டும் என்பவர் மாதம் ரூ.550 வீதம் 24 மாதம் கட்டினால் மொத்தம் ரூ.15,700 ஆகிறது.

உறுத்துவது அந்த 100 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் இருபது விநாடி. 2016-ல் ஜியோ சந்தைக்குள் நுழைந்ததே, இனி இந்தியாவில் யாரும் பேசுவதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்ற முழக்கத்தோடுதான். ஐந்தே ஆண்டில், நாட்டின் கடைசி வரிசை மனிதனுக்கென்று செய்த போனில், மிகக் குறைந்த தவணை கட்டுகிறவனுக்குப் பேச்சு அளந்து ஊற்றப்பட்டது. வெளியூரில் கட்டட வேலைக்குப் போன கணவனிடம் மூன்று நிமிடம் இருபது விநாடியில் என்ன பேசி முடிப்பது? வாட்ஸ்ஆப் வழியே பேசிக்கொள்ளலாம் என்பது பதில். இரண்டு பக்கமும் ஸ்மார்ட்போன் இருந்தால்.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடவும் வழி இல்லை. இரண்டு சிம் போடலாம். ஆனால் இன்டர்நெட் ஜியோவின் சிம்மில்தான் ஓடும். தவணை தவறினால் போனின் செயல்பாட்டை முடக்கும் மென்பொருள் உள்ளேயே இருக்கிறது என்றும் அப்போதே செய்தி வெளியானது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பதைவிட இது மேல் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் வாசலில் நிற்பவனிடம் தவணை சொல்லலாம். முடங்கிய போனிடம் என்ன சொல்வது? பிள்ளையின் வகுப்பு, கூலி வந்த செய்தி, பண அனுப்பீடு எல்லாம் ஒரே கருவிக்குள் போய்விட்ட பிறகு, அதைப் பூட்டுவது டிவியைத் தூக்கிச் செல்வது போன்றதல்ல. இந்தப் பிரச்சினை அந்த ஒரு போனோடு முடியவும் இல்லை. தவணைக்காகப் போன்களைப் பூட்டுவதை நிறுத்தும்படி 2024-ல் கடன் நிறுவனங்களிடம் ரிசர்வ் வங்கி சொன்னதாகவும், 2025-ல் நிபந்தனைகளோடு அதை அனுமதிப்பது பற்றி யோசிப்பதாகவும் செய்திகள் வந்தன.

வாங்கும் முறையும் விசித்திரம். முதல் நாட்களில் கடைக்குப் போய்க் காசை நீட்டினால் கிடைக்காது. ஜியோவின் இணையதளத்திலோ வாட்ஸ்ஆப்பிலோ கடையிலோ முதலில் பதிவு செய்ய வேண்டும். உறுதிச் செய்தி வந்த பிறகுதான் போய் வாங்கலாம். இணையம் இல்லாதவருக்கு இணையம் தரும் போனுக்கு இணையத்தில் பதிவு. நல்லவேளை, கடை என்ற மூன்றாவது வழியை விட்டுவைத்தார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2021 டிசம்பர் 1 முதல் ஜியோ தன் ப்ரீபெய்ட் கட்டணங்களை ஏறத்தாழ 20 சதவீதம் உயர்த்தியது. ஏர்டெல் சில நாள் முன்பே உயர்த்தியிருந்தது. 2024 ஜூலையில் மறுபடி உயர்வு. ஸ்மார்ட்போனின் விலை என்பது கடையில் ஒரு நாள் கொடுக்கும் காசு. 28 நாளைக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய காசு வேறு. படித்துக் காட்டும் பொத்தானும் மொழி மாற்றும் பொத்தானும் போனை வாங்கியவரைத்தான் மகிழ்விக்கும். ரீசார்ஜ் தீர்ந்த நாளில் மொழிபெயர்ப்புக்கு இன்டர்நெட் கிடையாது.

2022-ல் பழைய 4ஜி போனைக் கொடுத்தால் ரூ.4,499-க்கே நெக்ஸ்ட் தருவதாக ஜியோ இறங்கி வந்தது. ஏற்கெனவே 4ஜி போன் வைத்திருப்பவருக்கு. 2ஜிக்காரருக்கு அதில் இடமில்லை. 2023 ஜூலையில் ஆகாஷ் அம்பானி இன்னொரு அறிவிப்பு வெளியிட்டார். நாட்டில் இன்னும் 25 கோடிப் பேர் 2ஜியில் சிக்கியிருக்கிறார்கள் என்றார். இரண்டு ஆண்டுக்கு முன் தந்தை சொன்ன எண் 30 கோடி. இந்த முறை அவர்களுக்காகக் கொண்டுவந்த போனின் பெயர் ஜியோ பாரத். விலை ரூ.999. 28 நாளைக்கு ரூ.123, பேச்சுக்கு அளவில்லை, டேட்டா 14 ஜிபி. யுபிஐ-யில் பணம் கட்டலாம். திரை 1.77 அங்குலம். தொட்டால் அசையாது. பழையபடி பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.